துர்க்கைம் தனிமனிதருக்கு எதிரானவரா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம், சமூகமே எல்லாம், தனிமனிதர் அதன் கைப்பாவை என்று கருதிய ஒரு பழமைவாதி என வகுப்பில் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். அதே மனிதர், யூதப் படை அதிகாரி ஒருவர் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட டிரைஃபஸ் வழக்கின்போது, தனிமனித உரிமைக்காக வாதாடினார் என்று வேறோர் இடத்தில் படித்திருக்கிறீர்கள். இவற்றுள் எது சரி, அவரை எதிலிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். மனிதரின் நடத்தையை விளக்க எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. மனிதரின் உரிமையும் கூட்டத்தின் நலனும் மோதும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சமூகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றும், இரண்டாவதற்குத் தனிமனிதர் பக்கமே நிற்க வேண்டும் என்றும் துர்க்கைம் விடை சொன்னார். இவ்விரண்டு விடைகளும் எப்படி ஒரே தலைக்குள் பொருந்தின என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. சமூகவியல் கோட்பாட்டை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

துர்க்கைம் 1858 ஏப்ரல் 15 அன்று கிழக்குப் பிரான்சின் லொரேன் பகுதியில் எப்பினால் என்ற ஊரில் பிறந்தார். தந்தை மோயிஸ் அவ்வட்டாரத்தின் யூத மதகுரு. பாட்டனும் முப்பாட்டனும் மதகுருக்களே. மகன் அந்த வழியில் போகவில்லை. இளமையிலேயே மத நம்பிக்கையிலிருந்து விலகிவிட்டார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது 1870ஆம் ஆண்டுப் போரில் பிரான்சு தோற்றது. எப்பினாலைப் பிரஷ்யப் படைகள் பிடித்துக்கொண்டன. தோல்விக்கு யூதர்களே காரணம் என்று ஊரார் பேசியதைத் தாம் நேரில் கண்டதாகப் பின்னாளில், 1899இல், யூத வெறுப்பைப் பற்றிய ஒரு கருத்துக்கணிப்புக்கு விடையளித்தபோது நினைவுகூர்ந்தார். துன்பத்தில் இருக்கும் சமூகம் தன் துன்பத்துக்கு யாரையேனும் பொறுப்பாளியாக்கத் தேடும் என்பது அங்கே அவர் தந்த விளக்கம். தம்மைச் சுட்ட ஒன்றைப் பற்றிப் பேசும்போதுகூட வெறுத்தவர்களின் மனக்கோணலில் தொடங்காமல் கூட்டத்தின் நிலைமையிலிருந்து தொடங்கியது கவனிக்கத்தக்கது. ஆனால் இளமை அனுபவமே அவருடைய கோட்பாட்டை உருவாக்கியது என்று எழுதுபவர்களை நான் முழுமையாக நம்புவதில்லை. அவருடைய கையெழுத்துப் படிகள் பலவும் பின்னாளில் தொலைந்துவிட்டன. உள்மனத்தைப் பற்றிப் பேசக் கிடைக்கும் சான்று மிகக் குறைவு.

பாரிசின் உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியான எக்கோல் நோர்மாலில் மூன்றாம் முயற்சியில், 1879இல், இடம் பெற்றார். பின்னாளில் சோசலிசத் தலைவரான ஜோரஸும் தத்துவவாதி பெர்க்சனும் அக்கல்லூரியில் அவருடைய சமகால மாணவர்கள். சில ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளிகளில் தத்துவம் கற்பித்தார். இடையில் ஜெர்மனிக்குச் சென்று அங்கே உளவியலாளர் வுண்ட் போன்றோர் ஒழுக்கத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாக நடத்துவதைக் கண்டார். 1887இல் பொர்தோ பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியலும் கல்வியியலும் கற்பிக்கும் பணி கிடைத்தது. அந்த ஆண்டே லூயிஸ் டிரைஃபஸ் என்பவரை மணந்தார். மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன்: இந்தக் குடும்பத்துக்கும் வழக்கில் சிக்கிய படை அதிகாரி ஆல்ஃபிரெட் டிரைஃபஸுக்கும் உறவில்லை.

அக்காலப் பிரான்சின் சூழலை அறியாமல் அவருடைய கேள்வியைப் புரிந்துகொள்ள இயலாது. 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொடக்கப் பள்ளியை இலவசமாகவும் கட்டாயமாகவும் மதச்சார்பற்றதாகவும் ஆக்கின. அதுவரை பாதிரியார் கற்பித்த ஒழுக்கத்தை இனி ஆசிரியர் கற்பிக்க வேண்டும். அப்படியானால், கடவுளின் பெயரைச் சொல்லாமல் ஒரு குழந்தையிடம் பொய் சொல்லாதே, பிறரை வதைக்காதே என்று எந்த அதிகாரத்தில் சொல்வது? கத்தோலிக்கர்கள் அந்த அதிகாரம் திருச்சபைக்கு மட்டுமே உண்டு என்றார்கள். பொருளியலாளர்கள் அதிகாரமே தேவையில்லை, ஒவ்வொருவரும் தன்னலத்தை அறிவோடு நாடினால் ஒழுங்கு தானே வரும் என்றார்கள். துர்க்கைம் இரு தரப்பையும் மறுத்தார். அவருடைய வாழ்நாள் உழைப்பு இந்த ஒரு மறுப்பின் விரிவு என்றே நான் படிக்கிறேன்.

1893இல் முனைவர் பட்டத்துக்காக எழுதிய உழைப்புப் பிரிவினை பற்றிய நூலில் முதல் விடை கிடைக்கிறது. முற்காலச் சமூகங்களில் மனிதர்கள் ஒருவரையொருவர் ஒத்திருந்ததால் பிணைந்திருந்தார்கள். ஒரே நம்பிக்கை, ஒரே வேலை, ஒரே வழக்கம். அதை மீறியவரைக் கூட்டமே கொதித்தெழுந்து தண்டித்தது. தொழில்கள் பிரியப் பிரிய, மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வேறுபட்டு, வேறுபாட்டின் காரணமாகவே ஒருவரையொருவர் சார்ந்து நிற்கிறார்கள். சட்டமும் தண்டிப்பதைவிட இழப்பை ஈடுசெய்வதில் மிகுதியாக முனைகிறது. முதலாவதை எந்திர ஒருமைப்பாடு என்றும், இரண்டாவதை உயிரிய ஒருமைப்பாடு என்றும் பாடநூல்கள் சொல்லும். அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள் பலரும் நூலின் நடு வாதத்தைத் தவறவிடுகிறார்கள். தனித்த ஆளுமை உடைய மனிதர் என்பவர் வரலாற்றின் தொடக்கத்தில் இருந்து, பிறகு ஒப்பந்தம் போட்டுச் சமூகத்தை உண்டாக்கியவர் அல்லர். சமூகம் ஒரு குறிப்பிட்ட வகையில் மாறிய பிறகே அப்படிப்பட்ட மனிதர் சாத்தியமானார். ஒப்பந்தமே கூட, ஒப்பந்தத்தைக் காக்க வேண்டும் என்ற முன்னரே நிலவும் பொது நெறியின் மேல்தான் நிற்கிறது. பழைய பொது நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோக ஒன்று மட்டும் வலுப்பெறுகிறது, அது தனிமனிதரின் மதிப்பைப் பற்றிய நம்பிக்கை என்றும் அந்நூலிலேயே சொல்கிறார். இதே நூலின் கடைசிப் பகுதியில், பிறப்பிலேயே செல்வர் என்றும் ஏழை என்றும் இருக்கும்வரை அநியாயமான ஒப்பந்தங்கள் இருந்தே தீரும் என்று எழுதியவரைப் பழமைவாதி என்று அழைப்பதற்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும்.

பிறகு எதனால் அந்தப் பெயர் வந்தது? பெரும்பாலும் 1895இல் வந்த சமூகவியல் முறையின் விதிகள் என்ற சிறு நூலால். சமூக நிகழ்வுகளைப் பொருள்களைப் போல் அணுகுங்கள் என்பது அதன் புகழ்பெற்ற கட்டளை. நான் பேசும் மொழி, கடனை அடைக்கும் நாணயம், தொழிலில் பின்பற்றும் வழக்கங்கள் இவை எனக்கு முன்பே இருந்தன, எனக்கு வெளியே இருக்கின்றன, மீறினால் ஏதோ ஒரு வகையில் என்னைத் தடுக்கின்றன. ஆகவே இவற்றை என் உள்மனத்தைத் துழாவி அறிய முடியாது, வெளியே சென்று கவனித்துத்தான் அறிய வேண்டும் என்பது வாதம். சமூகம் கல்லைப் போன்ற சடப்பொருள் என்று அவர் சொல்வதாகவே அன்றைய விமர்சகர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1901இல் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அதை வெளிப்படையாக மறுத்தார்: நாம் ஏற்கெனவே அறிந்துவிட்டோம் என்ற நினைப்பைக் கைவிட்டு அறியாத ஒன்றை அணுகுவதுபோல் அணுக வேண்டும் என்பதே பொருள். இது ஆராய்ச்சி முறை பற்றிய விதி. மனிதர் எப்படி வாழ வேண்டும் என்ற அறிவுரை அதில் இல்லை. ஆயினும் நடையில் குற்றம் உண்டு. கட்டாயம், அழுத்தம், வெளிப்புறத்தன்மை என்ற சொற்களை அவர் அள்ளி இறைத்திருக்கிறார். படிப்பவருக்கு ஒரு சிறைக்கூடம் கண்முன் வந்தால் பழி படிப்பவர்மேல் மட்டும் இல்லை.

அந்நூலிலேயே குற்றம் எந்தச் சமூகத்திலும் இயல்பாக இருக்கும் என்று வாதிடும் இடத்தில் சாக்ரடீசை எடுத்துக்காட்டுகிறார். ஏதென்ஸின் சட்டப்படி சாக்ரடீஸ் குற்றவாளி. அவருடைய குற்றம் சுயமாகச் சிந்தித்தது. அக்குற்றம் பின்வந்த ஒழுக்கத்துக்கு வழி வகுத்தது. ஒருவரும் மீறாத சமூகம் மாற இயலாத சமூகம் என்பது இதன் உட்பொருள். சமூகத்துக்கு அடங்கிப் போ என்று போதித்தவர் தேர்ந்தெடுக்கும் எடுத்துக்காட்டாக இது எனக்குத் தோன்றவில்லை.

1897இல் வந்த தற்கொலை பற்றிய ஆய்வு நூல்தான் தனிமனிதரை அவர் அழித்துவிட்டார் என்ற புகாருக்கு அடுத்த ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் தனித்த துயரம் இருப்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டில் ஆண்டுதோறும் இறப்பவர்கள் வேறு வேறு ஆட்களாக இருந்தும் அந்நாட்டின் விகிதம் ஏறத்தாழ நிலையாக இருப்பது ஏன், அண்டை நாட்டின் விகிதத்திலிருந்து தொடர்ந்து வேறுபடுவது ஏன் என்று கேட்டார். தனி வாழ்க்கைக் கதைகளைக் கூட்டிப் பார்த்து இதற்கு விடை காண இயலாது. குழுவோடு பிணைப்பு மிகத் தளர்ந்த நிலை, மிக இறுகிய நிலை, ஆசைகளை வரையறுக்கும் நெறிகள் குலைந்த அனோமி என்ற நிலை என மூன்றை விரிவாக விளக்கினார். நெறி அளவுமீறி நசுக்கும் நான்காவது நிலையை ஓர் அடிக்குறிப்பில் தொட்டுவிட்டுப் போனார். பிரெஞ்சு நீதித் துறையின் பதிவுகளிலிருந்து சுமார் 26,000 மரணங்களை வகைப்படுத்தும் கடும் உழைப்பை அவருடைய சகோதரி மகன் மார்செல் மோஸ் செய்தார். அத்துறையின் புள்ளிவிவரப் பிரிவுக்குத் தலைவராக இருந்து பதிவுகளைத் திறந்துவிட்டவர் கப்ரியேல் தார்த். சமூகம் என்பது தனிமனிதர்கள் ஒருவரையொருவர் பின்பற்றுவதன் விளைவே என்று வாதிட்டுத் துர்க்கைமோடு ஆண்டுக்கணக்கில் மோதியவரும் அவரே. அறிவுலகச் சண்டையில் இப்படியொரு பெருந்தன்மை எப்போதும் கிடைப்பதில்லை.

இந்நூலைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். விகிதத்தை விளக்குவதும் ஒருவரின் செயலை விளக்குவதும் வேறு வேறு பணிகள் என்ற பாகுபாடு உறுதியானது. அது இன்றும் நிற்கிறது. ஐயம் தரவுகளில் உள்ளது. கத்தோலிக்கர்களைவிடப் புரோட்டஸ்டண்டுகளிடையே விகிதம் கூடுதல் என்ற அவருடைய முக்கியக் கண்டுபிடிப்பு, மாகாணங்களின் சராசரியை ஒப்பிட்டுப் பெறப்பட்டது. ஒரு மாகாணத்தில் ஒரு மதத்தினர் மிகுதியாக இருந்தால் அங்கு இறந்தவர்களும் அதே மதத்தினர் என்று முடிவுகட்ட இயலாது. மேலும் ஒரு மரணத்தை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று தீர்மானிப்பவரும் சமூகத்தில் வாழும் மனிதரே. நெதர்லாந்தின் பழைய பதிவுகளை ஆராய்ந்து 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கத்தோலிக்கர்களின் மரணங்கள் காரணம் தெளிவற்றவை, திடீர் இறப்பு என்ற தலைப்புகளில் பதியப்பட்டதே வேறுபாட்டை விளக்கப் போதும் என்று காட்டியது. ஆகவே அந்தக் குறிப்பிட்ட முடிவை நான் வகுப்பில் மெய்ப்பிக்கப்பட்டதாகச் சொல்வதில்லை.

இப்போது டிரைஃபஸுக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு நேரான விடை இங்கேதான் உள்ளது. யூதரான ஆல்ஃபிரெட் டிரைஃபஸ் ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக 1894இல் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டார். 1898 ஜனவரியில் எமில் சோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய வெளிப்படைக் கடிதத்துக்குப் பிறகு நாடு இரண்டாகப் பிளந்தது. இலக்கிய விமர்சகரும் கத்தோலிக்கச் சார்பாளருமான புருனெத்தியேர் ஒரு கட்டுரை எழுதினார்: நீதிமன்றத்தையும் படையையும் விடத் தம் சொந்த அறிவே மேல் என்று நினைக்கும் இந்த அறிவாளிகளின் தனிமனிதவாதம் நாட்டைச் சிதறடித்துவிடும் என்பது அதன் சாரம். சமூகத்தை முதன்மையாக வைப்பவர் என்று நாம் அறிந்த துர்க்கைம் இதை ஆமோதித்திருப்பார் என்றே பாடநூலை மட்டும் படித்தவர் ஊகிப்பார். அவர் அந்த ஆண்டு ஜூலையில், தனிமனிதவாதமும் அறிவாளிகளும் என்ற தலைப்பில் மறுப்பு எழுதினார்.

வழக்கின் விவரங்களை ஒதுக்கிவைத்துக் கொள்கையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். முதலில், எந்தத் தனிமனிதவாதத்தைச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். ஆங்கிலேயத் தத்துவவாதி ஸ்பென்சரும் பொருளியலாளர்களும் சொல்லும், சமூகத்தை வெறும் கொடுக்கல் வாங்கலாகச் சுருக்கும் தன்னலவாதம் என்றால் அதைத் தாமும் எதிர்ப்பதாகச் சொல்லி ஒதுக்குகிறார். கான்ட், ரூசோ, 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் என்று வரும் மரபு வேறு. அது என்னை நானே போற்றிக்கொள்ளச் சொல்வதில்லை. யாரிடத்தில் இருந்தாலும் மனிதத் தன்மையைப் போற்றச் சொல்கிறது. அதன் ஊற்று தன்னலத்தில் இல்லை, மனிதத் துன்பத்தின்மீதான இரக்கத்தில் இருக்கிறது. மனிதரே வழிபடுபவராகவும் வழிபடப்படுபவராகவும் உள்ள ஒரு மதம் அது என்கிறார். ஆகவே ஒருவரின் உயிரையோ உரிமையையோ மானத்தையோ தீண்டுவது, பக்தர் தம் தெய்வச் சிலை உடைக்கப்படுவதைக் காணும்போது அடையும் அதிர்ச்சியை நமக்குத் தருகிறது. நாட்டு நலன் என்ற காரணம் அந்தத் தீண்டலை நியாயமாக்காது.

பிறகு வருவதுதான் கட்டுரையின் உயிர்நாடி. தொழிலாலும் பழக்கத்தாலும் கருத்தாலும் மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் மேன்மேலும் வேறுபட்டுப்போகும் ஒரு நாட்டில், அவர்கள் அனைவருக்கும் பொதுவாக எஞ்சுவது மனிதர் என்ற ஒன்றுதான். எனவே அவர்களை இணைத்து வைக்கக்கூடிய நம்பிக்கையும் அது ஒன்றே. அதைக் காப்பவர் சமூகத்தை உடைப்பவர் அல்லர். நாட்டைக் காக்கிறேன் என்று சொல்லி ஒரு மனிதரைப் பலியிட அனுமதிப்பவரே நாட்டைக் குலைக்கிறார். எதிரியின் ஆயுதத்தை எடுத்தே எதிரியை வென்ற வாதம் இது. விளக்கத்தில் சமூகத்தை முன்வைத்த அதே கோட்பாடு, நெறியில் தனிமனிதரை முன்வைக்கும் முடிவுக்கு இட்டுச் செல்கிறது. ஏனெனில் தனிமனிதர் புனிதமானவர் என்ற எண்ணத்தைப் படைத்ததே சமூகம்தான். மனித உரிமைக் கழகத்தின் பொர்தோ கிளையிலும் துர்க்கைம் பணியாற்றினார்.

ஆனால் அரசே அந்த மனிதரை நசுக்கினால் என்ன செய்வது? இதற்கு அவர் பொர்தோவிலும் பின்னர் 1902 முதல் பணியாற்றிய பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்திலும் நிகழ்த்திய விரிவுரைகளில் விடை உண்டு. குடும்பம், தொழிற்குழு, ஊர் போன்ற சிறு குழுக்கள் தடையின்றி விடப்பட்டால் தம் உறுப்பினரை விழுங்கிவிடும். தந்தையின் முழு ஆதிக்கத்திலிருந்து குழந்தையையும், குழுவின் பிடியிலிருந்து தொழிலாளியையும் மீட்டது அரசு. ஆனால் அந்த அரசுக்கு எதிரே குழுக்கள் ஏதும் இல்லாதபோது அதுவே கொடுங்கோலாகும். ஒன்று மற்றொன்றைத் தடுத்து நிறுத்தும் இந்த மோதலில்தான் தனிமனித உரிமைகள் பிறக்கின்றன. இந்தப் பகுதியைப் படித்த பிறகும் அவரை அரசு வழிபாட்டாளர் என்று அழைப்பவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. சிக்கல் என்னவென்றால், இவ்விரிவுரைகள் நூலாக வந்தது அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1950இல், இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் முயற்சியால்.

உங்கள் வகுப்பில் கேட்ட சித்திரம் எப்படி உருவாயிற்று என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் அவரை ஆங்கிலம் வழியே அறிந்தன. மதவாழ்வின் அடிப்படை வடிவங்கள் 1915இலும், உழைப்புப் பிரிவினை 1933இலும், விதிகள் 1938இலும், தற்கொலை 1951இலும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. டிரைஃபஸ் கால மறுப்புக் கட்டுரை 1969 வரை காத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கச் சமூகவியலாளர் பார்சன்ஸ் அவரைச் சமூக ஒழுங்கின் கோட்பாட்டாளராக அறிமுகப்படுத்தினார். அந்நாட்டின் மற்றொரு சமூகவியலாளர் நிஸ்பெட் அவரைப் பிரெஞ்சுப் புரட்சிக்கு எதிரான பழமைவாத மரபோடு இணைத்தார். 1973இல் ஸ்டீவன் லூக்ஸ் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாற்றுக்குப் பிறகே சித்திரம் மாறத் தொடங்கியது. பாடநூல்கள் அந்த வேகத்தில் மாறவில்லை. பிரான்சிலோ அவர் வாழ்ந்த காலத்தில் வலதுசாரிகள் அவரை மரபைக் குலைப்பவர் என்று ஏசினார்கள்; 1930களில் இடதுசாரி எழுத்தாளர் போல் நிஸான் அவரை முதலாளிய ஒழுங்கின் காவலர் என்று ஏசினார்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. இந்தியாவைப் பற்றிய சமூகவியலில் அவருடைய நிழல் நீளமானது. அவருடைய சகாவான பூக்ளே 1908இல் சாதி பற்றி நூல் எழுதினார். ஆங்கிலேய மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் வழியே துர்க்கைமின் சிந்தனை இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாசை எட்டி, 1952இல் வெளிவந்த குடகு மக்களைப் பற்றிய நூலில் தெரிகிறது. மோஸின் மாணவரான லூயி துமோன் தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளரிடையே களப்பணி செய்து, பின்னர் சாதியப் படிநிலையைப் பற்றியும் மேற்கத்தியத் தனிமனிதவாதத்தைப் பற்றியும் எழுதினார். தனிமனிதர் என்ற கருத்தே ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் படைப்பு என்ற துமோனின் வாதம் துர்க்கைம் வீட்டுச் சொத்து.

அவரைக் காப்பாற்றுவதில் நான் ஓர் எல்லைக்கு மேல் போக விரும்பவில்லை. பெண்களைப் பற்றி அவர் எழுதியவை அவருடைய கொள்கைக்கே முரணானவை. திருமணம் ஆண்களுக்குத் தரும் பாதுகாப்பைப் பெண்களுக்குத் தருவதில்லை என்று அவருடைய புள்ளிவிவரங்களே காட்டின; அதற்கு விளக்கம் சொல்ல வந்தபோது, பெண் ஆணைவிடக் குறைவாகச் சமூகமயமானவர், அவருடைய தேவைகள் உடல் சார்ந்தவை என்று எழுதினார். எதையும் சமூகத்தால் விளக்க வேண்டும் என்றவர், சரியாக இந்த இடத்தில் உடலியலுக்குள் ஒளிந்துகொண்டார். மனித ஆளுமை புனிதமானது என்று முழங்கிய கட்டுரையின் ஒளி இந்த இடத்தில் விழவில்லை. 1912இல் வந்த மதவாழ்வு நூலும் ஐயங்களுக்கு இடமளிக்கிறது. மக்கள் கூடி ஆடிப்பாடும் வேளையில் எழும் கொந்தளிப்பில் தம்மைவிடப் பெரிய ஆற்றல் ஒன்றை உணர்கிறார்கள், அந்த ஆற்றல் உண்மையானதே, அது சமூகம் என்ற அந்நூலின் மையக் கருத்து இன்றும் என்னை ஈர்க்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் கால் வைக்காமலேயே அந்நாட்டு ஆதிகுடிகளைப் பற்றிப் பிறர் எழுதியவற்றைக் கொண்டு அது கட்டப்பட்டது. புனிதம், சாதாரணம் என்று உலகத்தை இரண்டாக வெட்டும் பிரிவு எல்லா மக்களிடமும் இருக்கிறது என்ற கூற்றைக் களப்பணி செய்த மானிடவியலாளர்கள் ஏற்கவில்லை.

இதைவிடக் கடினமான ஐயம் ஒன்று உண்டு. உங்கள் ஆசிரியரின் கருத்தில் நியாயம் இருக்கும் இடமும் இதுவே. ஒழுக்கத்தின் ஊற்று சமூகம் என்றால், சமூகம் முழுவதும் ஒரு கொடுமையை ஒப்புக்கொள்ளும்போது எதன் பெயரால் எதிர்ப்பது? 1906இல் பிரெஞ்சுத் தத்துவச் சங்கத்தில் இக்கேள்வியை அவர் எதிர்கொண்டார். இன்றைய பொதுக்கருத்து வேறு, சமூகத்தின் உண்மையான நிலையும் அது மாறிச்செல்லும் திசையும் வேறு. கருத்து பின்தங்கியிருந்தால் அதை எதிர்த்துக் கிளர்வது நியாயமே என்றார். சாக்ரடீசுக்கு இது பொருந்தும். ஆனால் சமூகம் செல்லும் திசையே கொடுமையை நோக்கியதாக இருந்தால்? அதற்கு அவரிடம் போதுமான விடை இல்லை என்பது என் கருத்து. 1915இல் எழுதிய போர்க்காலச் சிறுநூலில், அரசு ஒழுக்கத்துக்கு மேற்பட்டது என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர் டிரைட்ஷ்கேயின் கொள்கையைக் கடுமையாகத் தாக்கி, எல்லா நாடுகளையும் கடந்த மனிதகுல ஒழுக்கம் ஒன்று இருப்பதாகப் பேசுகிறார். நல்ல பேச்சுத்தான், ஆனால் மனிதகுலம் இன்னும் ஒழுங்கமைந்த ஒரு சமூகமாக ஆகவில்லை என்று தாமே முன்பு கற்பித்தவர், அந்த ஒழுக்கத்துக்கு எங்கிருந்து அதிகாரம் வருகிறது என்று விளக்கவில்லை.

விளக்க அவருக்கு நாள்களும் இல்லை. அந்தப் போர் அவருடைய மாணவர் வட்டத்தையே அழித்தது. ராபர்ட் ஹெர்ட்ஸ் 1915 ஏப்ரலில் களத்தில் இறந்தார். மொழியியல் பயின்றுவந்த மகன் ஆந்திரே அந்த ஆண்டின் இறுதியில் பால்கன் போர்முனையில் இறந்தார். செய்தி உறுதிப்பட மாதங்கள் ஆயின. 1916இல் ஒரு மேலவை உறுப்பினர் துர்க்கைமை ஜெர்மனியின் ஆளாகச் சித்திரித்துப் பேசினார். அமைச்சர் அதை மறுக்க வேண்டியிருந்தது. 1917 நவம்பர் 15 அன்று, 59ஆம் வயதில், துர்க்கைம் பாரிசில் காலமானார். கூட்டக் கொந்தளிப்பின் இருண்ட பக்கத்தை நாஜிகளின் பேரணிகள் காட்டியபோது பதில் சொல்ல எஞ்சியிருந்தவர் மோஸ். டென்மார்க் ஆய்வாளர் ரானுல்ஃபுக்கு 1930களில் எழுதிய கடிதங்களில், பெரிய நவீனச் சமூகங்களும் ஆஸ்திரேலியக் குடிகள் தம் ஆட்டத்தில் வசப்படுவதுபோல் வசப்படக்கூடும் என்பதைத் தாங்கள் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை என்று மோஸ் ஒப்புக்கொண்டார். ரானுல்ஃப் அதைக் கொண்டு துர்க்கைமைப் பாசிசத்தின் முன்னோடிகளுள் ஒருவராக்கினார். அது அநியாயம், 1898ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவரை அந்த வரிசையில் நிறுத்த இயலாது. எனினும் மோஸின் ஒப்புதலை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

படிப்பதைப் பொறுத்தவரை, பெரும்பாலான பாடத்திட்டங்கள் விதிகளிலிருந்து தொடங்குகின்றன. நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். முதலில் 1898ஆம் ஆண்டுக் கட்டுரை. சில பக்கங்களே, ஒரே அமர்வில் முடிக்கலாம். அடுத்து உழைப்புப் பிரிவினையின் முதல் பகுதியில் ஒப்பந்தம் பற்றி வரும் இயலும், நெறிபிறழ்ந்த பிரிவினையைப் பற்றிய கடைசிப் பகுதியும். பின்னர் அரசும் குழுக்களும் பற்றிய விரிவுரைகள். தற்கொலை நூலை எடுக்கும்போது அட்டவணைகளில் சிக்கிக்கொள்ளாமல் அனோமி பற்றிய இயலையும் முடிவுரையையும் படியுங்கள். ஆங்கிலத்தில் படிப்பதானால் விதிகள் நூலுக்கு 1938ஆம் ஆண்டின் பழைய மொழிபெயர்ப்பைத் தவிர்த்து 1982இல் வந்த மொழிபெயர்ப்பை எடுங்கள். அதில் இரண்டாம் பதிப்பின் முன்னுரையை முதலில் படித்துவிட்டு நூலுக்குள் போவது நல்லது.